ரைட்டர் படித்துக் காட்டிய ரோடு

கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவரை ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லப்போகிறவரையும் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவருடைய மேசை. அந்த வரிசையில் பத்திர மேசைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுந்து நின்று பத்திரம் படிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

மற்றவர்கள் எழுதி முடித்ததும், "எல்லாம் சரியா இருக்குது, இங்க ஒரு கையெழுத்து" என்று விரலால் காட்டுவார்கள். இவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிப்பார். டீக்கடையில் நிற்கிறவர்களுக்குக்கூட யார் நிலம் யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். வாங்குகிறவரைப் பார்த்துப் படிக்க மாட்டார், விற்கிறவரைப் பார்த்துத்தான் படிப்பார். யார் கையை விட்டு ஒன்று போகிறதோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படிப்பார். முடித்ததும், "கேட்டுக்கினீங்களா? இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?" என்பார். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னால் போச்சு, கட்டாயம் இன்னொரு தரம் படிப்பார்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு வாடகை ஒப்பந்தத்துக்காக. எனக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி. கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து, ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை பார்த்திருந்தேன். வீட்டுக்காரர் சொன்னதை ரைட்டர் எழுதினார், எழுந்தார், என்னைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மலைக்காரி, படிக்கத் தெரியாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியும் சார். டிகிரி முடிச்சிருக்கன்."

"தெரிஞ்சவங்கதாம்மா படிக்க மாட்டாங்க. தெரியாதவங்க யாரையாவது கூட்டியாந்து படிக்கச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடுவில் ஒரு வரி வந்தது. வீட்டுக்காரர் எந்த நேரமும் முன்கூட்டிச் சொல்லாமல் அறையைத் திறந்து பார்வையிடலாமாம். நான் அந்தத் தாளை ஒரு முறை கண்ணால் மேய்ந்திருந்தேன். அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. காதில் விழுந்ததும் திக்கென்றது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தார். ரைட்டர் என்னை மட்டும் பார்த்து, "இது இருக்கட்டுமாம்மா?" என்றார். இருக்க வேண்டாம் என்றேன். அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அன்றைக்கு என் போனை மேசைமேல் வைத்திருந்தேன். திரையில் ஒரு வரைபடம் திறந்திருந்தது. அது கம்பெனிக்காரர்கள் போட்ட வரைபடம் இல்லை. ஊர் ஊராக ஜனங்களே சேர்ந்து போடுவது. யார் வேண்டுமானாலும் ஒரு தெருவைச் சேர்க்கலாம், தப்பாக இருந்தால் திருத்தலாம். கள்ளக்குறிச்சியில் நாங்கள் கொஞ்சம் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு டியூஷன் சென்டரில் கூடி, சுற்று வட்டார ரோடுகளை அதில் வரைந்துகொண்டிருந்தோம். ரைட்டர் குனிந்து பார்த்தார்.

"இத யாரும்மா எழுதனது?"

"நாங்கதான் சார்."

"யாருகிட்ட படிச்சுக் காட்டனீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.எஸ். வண்டியில் வந்து டியூஷன் சென்டர் வாசலில் இறங்கினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றாத மனுஷர். அதற்கப்புறம் அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தார். ஒரு நாளும் ஒரு கோடும் அவர் போட்டதில்லை. திரையைத் தொடவே மாட்டார். எங்கள் பின்னால் நின்றுகொண்டு, புதிதாக ஒரு ரோடு முளைத்தால் போதும், "இது யாரு எடம்?" என்று கேட்பார்.

டியூஷன் சென்டரை நடத்தியவர் கணக்கு வாத்தியார். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவருக்கு இது எரிச்சல். "சார், இது பத்திரமில்ல, மேப்பு. கண்ணுக்கு ரோடு தெரிஞ்சா வரையணும், அவ்ளோதான். பட்டாவா, பொறம்போக்கா, காடான்னு பாக்கறது தாசில்தார் வேல" என்பார்.

"தாசில்தார் ஆபீசு சாயங்காலம் பூட்டிடுவாங்க சார். ஒங்க மேப்பு தெறந்துக்கினே இருக்குதே" என்பார் ரைட்டர். "கோடு போட்டவரு வூட்டுக்குப் போயிடுவாரு. கோடு அங்கயே கெடக்கும்."

அவர் சொன்னது விளங்க எங்களுக்கு ஒரு கரும்பு லாரி தேவைப்பட்டது. ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரமாக மண்பாதை ஒன்று போகிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும். எங்களில் யாரோ அதை ரோடு என்று வரைந்திருந்தார்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் வெளியூர் லாரிக்காரர் ஒருத்தர் போனைப் பார்த்து அந்தக் குறுக்கு வழியில் இறங்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள். அந்தப் பாதை ஓடுகிற கொல்லையின் சொந்தக்காரர் பதிவு அலுவலகத்துக்கே வந்து கத்தினார். யார் வரைந்தது என்று தெரியாத கோட்டுக்கு யாரைப் போய்த் திட்டுவது? ஞாயிறுதோறும் எங்களோடு நிற்கிறவர் என்று கேள்விப்பட்டு ரைட்டரைத் திட்டினார். ரைட்டர் வாங்கிக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கொல்லைக்குப் போனார்.

உளுந்துச் செடிகள் வரப்போடு நசுங்கிக் கிடந்தன. "எங்க பங்காளி மாடு ஓட்டிக்கினு போவட்டும்னு வுட்ட வழிங்க இது. இத்த ரோடுன்னு எவன் சொன்னான்?" என்று அந்த ஆள் கேட்டபோது கணக்கு வாத்தியார் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டர் கொல்லை முனையில் நின்று அந்தப் பாதையை ஒரு பத்திரம்போலப் படித்தார். வாய்க்காலுக்குக் கிழக்கே, இன்னார் கிணற்றுக்கு மேற்கே என்று நான்கு எல்லையும் சொல்லி, இதில் யார் போகலாம், எந்த வண்டி போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆளின் கோபம் அதிலேயே பாதி இறங்கிவிட்டது. "நடந்து போவட்டும். மாட்டு வண்டி போவட்டும். லாரி மட்டும் ஆவாது. அப்பிடிப் போட முடியுமா?" என்றார். போட முடியும். தனியார் வழி, அனுமதியோடு மட்டும், கனரக வண்டி கூடாது என்று குறிக்க அந்த வரைபடத்தில் இடம் இருக்கிறது. நாங்கள்தான் அதுவரை அதை யாருக்கும் போட்டதில்லை.

இந்தப் படிக்கிற பழக்கத்தால் அவர் வீட்டில் பட்டபாடு தனிக் கதை. மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் சம்பந்தி வீட்டுக்குப் போய் எழுந்து நின்று படித்தாராம். எந்தப் பெரியப்பா பேர் எந்தச் சித்தப்பா பேருக்குக் கீழே வருகிறது என்று காதால் கேட்டதும் அங்கே ஒரு சண்டை மூண்டு, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. "அச்சடிச்சப்புறம் சண்ட போட்டிருந்தா அது கல்யாண மண்டபத்துல நடந்திருக்கும்" என்று ரைட்டர் சமாதானம் சொன்னாராம். அவர் சம்சாரம் இதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். கடையில் மிக்ஸி வாங்கப் போனால்கூட, வாரண்டி அட்டையைக் கடைக்காரனுக்குப் படித்துக் காட்டுவாராம்.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் நான் என் ஊர் ரோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன்.

வெள்ளிமலைக்குப் போகிற தார்ரோட்டிலிருந்து பிரிந்து, காட்டுக்குள் வளைந்து எங்கள் ஊருக்கு ஒரு மண்பாதை வருகிறது. என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து வெட்டியது. அது காட்டு நிலம், அங்கே ரோடு கிடையாது என்பது வனத்துறையின் கட்சி. பாட்டன் காலத்திலிருந்து நடந்த தடம் அது என்பது எங்கள் கட்சி. எந்தக் கட்சியும் இன்னும் ஜெயிக்கவில்லை. மனு கொடுத்திருக்கிறோம், மனு கொடுத்ததற்கு ரசீதும் இருக்கிறது, ரோடுதான் இல்லை. ஒரு வருஷம் பாதையின் குறுக்கே பொக்லைன் வைத்துப் பள்ளம் வெட்டப்பட்டது. அதை மூடி மறுபடி ஜீப் ஏற ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

என் அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்றுவிட்டது. "மேப்புல வெறும் காடுதாம்மா தெரியுது, எந்தப் பக்கம் வர்றது?" என்று ஓட்டுநர் கேட்டபோது வீட்டில் போனை எடுத்தது ஒரு சின்னப் பெண். சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாரும் அண்ணியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். பாப்பா பாதையோரத்திலேயே பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அடுத்த முறையும் அதிர்ஷ்டம் வரும் என்று எந்த நம்பிக்கையில் சும்மா இருப்பது? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையைத் தார்ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும், ஊரைத் தாண்டி ஓடையில் விழும் அருவி வரைக்கும் வரைந்துவிட்டேன். பதிவேற்றுகிற பொத்தானை அமுக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி.

"படிச்சுக் காட்டனீங்களாம்மா?" என்றார் ரைட்டர், பின்னாலிருந்து.

எனக்கு வந்ததே கோபம். "எங்க ஊரு சார் இது. எங்கப்பா வெட்டன ரோடு. நான் யாருகிட்ட படிச்சுக் காட்டணும்?"

"அப்பா வெட்டனாரு, சரி. இப்ப அதுல நடக்கறவங்க யாரு? ஊருல அத்தினி பேரு இல்லியா? இந்தக் கோட்டப் பாத்துட்டு நாளைக்கு மறுபடியும் பொக்லைன் வந்தா அவங்கதான நிப்பாங்க?"

"நீங்க கீழ ஃபேன் காத்துல ஒக்காந்துக்கினு பேசுவீங்க சார். எங்க அண்ணி பட்டது ஒங்களுக்குத் தெரியாது."

யாராயிருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "தெரியாதும்மா. அதான் சொல்றன், மேல போலாம்" என்றார்.

மலைப் பஸ்ஸில் அவருக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, "இன்னும் எத்தினி வளைவுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டார். "இது ஒண்ணுதான் சார்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கூசாமல் சொன்னார். இறங்கி என் அண்ணன் ஜீப்பில் ஊர் வந்து சேர்ந்தபோது ரைட்டர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பால்வாடிக்கு முன்னால் ஊர் கூடியதும் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"வெள்ளிமலை செல்லும் தார்ச்சாலைக்கு மேற்கே, கடுக்காய் மரங்களுக்குத் தெற்கே, மரவள்ளிக் கொல்லைகளுக்கு வடக்கே, ஊர் வழியாக அருவி வரையில் செல்லும் மண்பாதை. மேற்படி பாதையை, போன் வைத்திருக்கும் எவரும், எந்த ஊரிலிருந்தும், இன்று முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு வரலாம்."

நான் என் போனில் போட்டது ஒரு சின்னக் கோடு. அவர் வாயில் அது இவ்வளவு பெரிதாக இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "யாரு வேணாலுமா?" என்றாள்.

"யாரு வேணாலுந்தாம்மா."

"அப்ப வேணாம்."

என் அம்மா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, ரைட்டரிடமே சொன்னாள். "கார் போட்டுக்கினு வருவானுங்க. அருவியில பாட்ல ஒடைப்பானுங்க. நாங்க தண்ணி மொள்ற ஓடைங்க அது. அப்பறம் இத்தினி காரு போவுதேன்னு காட்டாபீசுல மறுபடி பள்ளம் வெட்டுவாங்க. பள்ளத்த மூடறது யாரு, இவளா வந்து மூடுவா?"

ரைட்டர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கீழே அவர் சொன்னதைத்தான் என் தாயே சொல்லிவிட்டாள். ஆனால் அவர் அப்படியே கட்சி மாறினார். ஊர் முழுக்க வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, வேண்டும் என்பதற்காகப் பேச ஆரம்பித்தார். "சரிம்மா, கேட்டுக்கினன். இங்க ஒருத்தரு பாக்கி இருக்காரு. நாளைக்கு இந்த ஊருல யாருக்கு நெஞ்சு வலி வரப்போவுதோ, அவரு. அவருக்கும் இது படிச்சுக் காட்ட வேண்டியதுதான். ஆனா அவரு யாருன்னு நமக்குத் தெரியாது. அவரு வேணாம்னு சொல்லுவாரா?"

 ஊர்க்கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத என் அண்ணி, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "வூடு வரைக்கும் போடுங்க. அருவிக்குப் போடாதீங்க. ஆம்புலன்சு இன்னா குளிக்கவா வருது?"

கூட்டம் சிரித்தது. சிரித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. அருவிக்குப் போகிற கோட்டை அங்கேயே அழித்தேன். ரைட்டர் சொல்லச் சொல்லக் குறிப்பு எழுதினேன். ஊரார் வெட்டிய மண்பாதை. ஊரார் அனுமதியோடு மட்டும். மழையில் ஜீப் தவிர எதுவும் ஏறாது. சட்டப்படி யாருடையது என்று முடிவாகவில்லை. அதைத் திரும்பப் படித்துக் காட்டினார். அம்மா சரி என்றாள்.

நான் பொத்தானை அமுக்கப் போனேன். "இருங்கம்மா, இன்னும் ஒருத்தருகிட்ட படிக்கணும்" என்றார். "யாரு?" என்றேன். "வனவரு."

கூட்டம் மறுபடி இறுகிப்போனது. என் அண்ணனுக்கு முகம் சிவந்தது. "இன்னா சார், நீங்களே போயி பொக்லைனுக்கு வழி காட்டப் போறீங்களா?"

"அவங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? தெரியும். அவங்க எடம்னு அவங்க சொல்றாங்க, அதனால அவங்களும் ஒரு பார்ட்டிதான். இப்ப இது வழக்குல இருக்கற வழி. ஒளிச்சி வச்சி எழுதனா திருட்டு வழியாப் போயிடும். அப்பறம் நீங்க குடுத்த மனுவ எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேப்பீங்க?"

பயம் எங்களுக்குத்தான், அவருக்கு என்ன, பஸ் ஏறிப் போய்விடுவார் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "நான் வரன். எதிர்லயே நின்னு கேக்கறன், அவரு இன்னா சொல்றாருன்னு."

வனவர்தான் எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வனத்துறை அதிகாரி, நடுத்தர வயதுக்காரர். மேசையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டர் கும்பிட்டுவிட்டு, உட்காரச் சொன்னதையும் கேளாமல் நின்றபடி படித்தார். பாதி கேட்கும்போதே வனவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். 

"சார், இத நான் ஒப்புக்க முடியாது. எங்க கணக்குல அங்க ரோடு இல்ல."

"ஒப்புக்க வேணாங்க. கேட்டுக்கினீங்களா?"

"கேட்டன்."

"இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்."

இன்னொரு தரம் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கடைசியா ஒரு வரி சேத்துக்குங்கம்மா. வனத்துறை ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். வனவர் நிமிர்ந்து பார்த்தார். "அதயுமா போடுவீங்க?" "நீங்க சொன்னது தானுங்களே" என்றார் ரைட்டர். அந்த அலுவலக வாசலில் நின்றுதான் பொத்தானை அமுக்கினேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஊரில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்களாம். பள்ளம் வெட்ட யாரும் வரவில்லை. அருவியைத் தேடியும் யாரும் வரவில்லை.

அடுத்த சாமை அறுப்பில் என் அம்மாவை விரியன் கடித்தது.

முற்பகல் நேரம். நல்ல மழை. அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலம் பக்கம் போயிருந்தான். அண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் கூடத்தில் யாரோ ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கேள்விப்பட்டு ரைட்டர் வந்தார். எதற்கெடுத்தாலும் உரக்கப் படிக்கிற மனுஷர் அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

மேலே நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். வெள்ளிமலை ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் போனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருந்த கூரியர்க்காரர் ஒருத்தர் இந்த வரைபடத்தை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஓட்டுநர் நேராகப் பாதை பிரிகிற இடத்துக்கே வந்துவிட்டார். மழையில் ஜீப் தவிர எதுவும் ஏறாது என்று குறிப்பில் பார்த்தார். அதனால் வேனைச் சேற்றில் இறக்கி மாட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் இருந்த வனத்துறை சோதனைச் சாவடிக்கு ஓடினார். அங்கே இருந்தவர் அதே வனவர். எந்த ஊர், எந்தப் பாதை என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு தரம் காதில் விழுந்த பாதை. இலாகா ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு ஏறி, அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்து ஆம்புலன்ஸில் சேர்த்தார். கள்ளக்குறிச்சிக்கு வந்து சேரும்போது அவளுக்கு நினைவு இருந்தது. இன்னும் தாமதமாகியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

என் அம்மா இன்றைக்கு உயிரோடு இருப்பது ரைட்டரால்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே, "வனவருக்கு நன்றி சொன்னீங்களா?" என்றார். "சொல்லுங்க. அவரு வந்து ஏத்திக்கினு போனாருன்னு அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடாதீங்க. அவரு இன்னும் ஒப்புக்கலியே."

நானும் அம்மாவும் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வனவரைப் பார்க்கப் போனோம். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். "இன்னா பெரிம்மா, காலு எப்பிடி இருக்குது?" என்று விசாரித்தார். நான், "எங்க ரோட்டுல நீங்க வந்ததாலதான் சார்" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சட்டென்று அதிகாரி முகமாக மாறியது.

"எந்த ரோடு? அங்க ரோடே இல்லீங்களே மேடம்."

அம்மா பலாப்பழத்தை அவர் மேசைமேல் வைத்தாள். "அந்த இல்லாத ரோட்டுலதான் சாமி என் உசுரு எறங்கி வந்துச்சி" என்றாள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பாதை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மனு நடந்துகொண்டிருக்கிறது.

இதைக் கேட்டு ரைட்டர் வெகுநேரம் சிரித்தார். "இத எங்கியாவது எழுதுங்கம்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "எழுதறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட படிச்சுக் காட்டிடுங்க" என்றார்.

எழுதத்தான் எனக்கு நாளாகிவிட்டது. அதற்குள் அவர் போய்விட்டார். ஒரு நாள் காலையில் மேசைக்குக் கிளம்பும்போது, வாசலிலேயே. பதிவு அலுவலக வரிசையில் இப்போது யாரும் எழுந்து நின்று படிப்பதில்லை. 

அவர் முறைப்படியே செய்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டாள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன வனவரிடம் போனில் படித்தேன், பேர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆனால் இது யாரைப் பற்றியதோ அவரிடம் படிக்க வழியில்லை. அதனால்தான் அவர் பேரை நான் போடவில்லை. அவர் வீட்டுக்குப் போய், அவர் சம்சாரத்துக்கு எதிரில் நின்றபடி முதலிலிருந்து படித்தேன். கல்யாணப் பத்திரிகை வந்தபோது சிரித்தார். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடித்ததும், "அவரு இருந்தா ஒரு வரிய எடுக்கச் சொல்லியிருப்பாரு" என்றார்.

"எந்த வரிங்க?"

"ஒங்கம்மா உசுரோட இருக்கறது அவராலதான்னு எழுதியிருக்கியே, அது. வெஷத்த எறக்கனது டாக்டரு. தூக்கியாந்தது வனவரு. எறங்கி ஓடனது அந்த ட்ரைவரு. இவரு இன்னா பண்ணாரு? படிச்சாரு."

"அந்த வரிய மட்டும் எடுக்க மாட்டங்க" என்றேன். 

அவர் என்னைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும் வுடு. அவரு ஒப்புக்கலன்னு கீழ ஒரு வரி போட்டுடு" என்றார்.

போட்டுவிட்டேன். மேலே எழுதியதில், என் அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரியை ரைட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.